ஒரு மாதிரி வீடு

எங்கள் முதலாளி பத்து மாடிக்கு ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். அதில் மூன்றாவது மாடியில் ஒரே ஒரு வீட்டை மட்டும் முழுசாக முடித்து, சோபா, கட்டில், திரைச்சீலை எல்லாம் போட்டு, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்தார். மற்ற வீடுகள் செங்கல்லும் கம்பியுமாக நின்றன. முடித்த வீட்டைக் காட்டிப் பேசி, வந்தவர்களை ஆசைப்பட வைக்கிற வேலை என்னுடையது.

கீழே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. எழுதியவன் முதலாளியின் மச்சான். அக்கா வீட்டுக்காரருக்கு உபகாரம் செய்கிறேன் பேர்வழி என்று எங்கே எந்த வேலை நடந்தாலும் கையில் பிரஷ்ஷோடு வந்து நிற்பான். 'மாதிரி வீடு' என்று எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்திருக்கிறான். பலகையில் எழுத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் மிச்சமாக இருந்திருக்கிறது. மொட்டையாக இருக்கிறதே என்று அழகுக்கு ஒரு 'ஒரு'வைச் சேர்த்துவிட்டான்.

ஒரு மாதிரி வீடு. உள்ளே வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எவன் உள்ளே வருவான்? மாதிரி வீடு என்றால் பார்ப்பதற்காகக் கட்டி வைத்த வீடு. ஒரு மாதிரி வீடு என்றால் உள்ளே யாரோ தூக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு ஆட்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்துபோகிறார்கள் என்று அர்த்தம். முதல் வாரம் வந்த ஒரு பெரிய மனிதர் கேட்டிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி, "இது எந்த மாதிரியான வீடுங்க?" என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்ததால் சிரித்தேன். சிரித்ததை அவர் தப்பாக எடுத்துக்கொண்டார். அவரை அனுப்பி வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன், 'ஒரு'ன்னா ஒண்ணுதானே அக்கா? ரெண்டா கட்டி வெச்சிருக்கோம்?" என்றான்.

"டேய், நீ பேசுறதும் தமிழ்தானே?"

"எனக்கு அழகா இருந்துச்சு."

திட்டித் தீர்த்த பிறகு 'ஒரு'வின் மேல் வெள்ளை அடித்தான். ஒரே ஒரு பூச்சு. மத்தியான வெயில் பட்டால் உள்ளிருந்து 'ஒரு' எட்டிப் பார்க்கும்.

போர்டு ஒழிந்தது, இனி ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். ஆட்கள் வந்தார்கள். ஹாலைப் பார்த்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள், பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார்கள். குறை என்று எதையும் சொல்லவில்லை. ஆனால் போகப் போக அவர்கள் நடை வேகமானது. லிஃப்டுக்குள் போனதும் திரும்பி என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு... ஆனா..." என்பார்கள்.

"ஆனா?"

"என்னமோ ஒரு மாதிரியா இருக்கு."

லிஃப்ட் கதவு மூடிவிடும்.

போர்டைப் பார்க்காமல் பின்பக்கமாக வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். முதலாளிக்குத் தினமும் சாயங்காலம் போனில் நான் நிலவரம் சொல்ல வேண்டும்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு மாதிரியா இருக்குன்னாங்க சார்."

"எந்த மாதிரி? வெளிச்சம் பத்தலையா? ரூம் சின்னதா?"

"கேட்டேன் சார். அதெல்லாம் இல்லையாம். ஒரு மாதிரியாம்."

"அதான் எந்த மாதிரின்னு கேக்கிறேன்."

"அது தெரிஞ்சா அந்த மாதிரின்னே சொல்லிடுவாங்களே சார்."

முதலாளி இந்த மாதம் முடிவதற்குள் ஒரு குடும்பமாவது வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டைக் காட்டுகிற வேலையை அவருடைய மனைவியின் தங்கையிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அதாவது பிரஷ் மச்சானின் இன்னொரு அக்கா. அந்தக் குடும்பத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

இந்த வேலை போனால் நாத்தனார் கடைதான் கதி. என் நாத்தனார் தையல் கடை வைத்திருக்கிறாள். என் கல்யாணத்திலிருந்தே அங்கே எனக்கென்று ஒரு முக்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறாள். "அண்ணி எப்ப வந்தாலும் இடம் இருக்கு" என்பாள். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே அவள் பெருமைகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. அதற்குத் தப்பித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். இங்கே எனக்கு மேஜை இருந்தது, மேஜைக்கு இழுப்பறை இருந்தது, இழுப்பறைக்குச் சாவி இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு சாவி இருந்தது அதுதான் முதல் தடவை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அதனால் இந்த 'ஒரு மாதிரி' என்ன மாதிரி என்று கண்டுபிடித்தே தீருவதென்று இறங்கினேன்.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு பொல்லாத வார்த்தை. பாலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம், ஒரு மாதிரியா இருக்கு. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் உடம்பு ஒரு மாதிரி. எதிர்வீட்டுக்காரரிடம் குறையென்று சொல்ல எதுவும் அகப்படாதபோது, ஆளு ஒரு மாதிரி. பயம் என்றால் எதற்கு என்று கேட்டால் நாயைக் காட்டலாம், பாம்பைக் காட்டலாம். இதற்கு எதையும் காட்ட முடியாது. திகில், அமானுஷ்யம் என்றெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள் இருக்கின்றன. அலமாரியில் வைத்த வெள்ளிப் பாத்திரம்போல அவை அலமாரியிலேயே இருக்கின்றன. சமையலறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அமானுஷ்யமாக இருக்கிறது என்று சொன்னவர் உண்டா? எதையோ போல இருக்கிறது, ஆனால் எதைப் போல என்று சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் ஒரு 'ஒரு'வைப் போட்டு நிரப்பிவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விடுகிறோம். மச்சான் போர்டில் செய்ததும் அதைத்தான்.

முதலில் என் சந்தேகம் வீட்டுச் சாமான்கள் மேல் போனது. அங்கே இருந்த எதுவும் நிஜம் கிடையாது. டிவி அட்டையில் செய்தது. புத்தக அலமாரியில் இருந்தவை முதுகு மட்டும், பின்னால் தெர்மாகோல். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கிண்ணத்தில் பிளாஸ்டிக் ஆப்பிள்கள். வந்த ஒரு குழந்தை அதில் ஒன்றைக் கடித்துவிட்டு அழுதிருக்கிறது. பல் பதிந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, காற்றுகூட வராது. உள்ளறைகளுக்குக் கதவே கிடையாது, திரைதான். கதவு இல்லாவிட்டால் அறை பெரிதாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் உள்ள சூட்சுமம். அதைவிடப் பெரிய சூட்சுமம் கட்டில். பார்த்தால் கட்டில்தான். ஆனால் ஆசாரியிடம் சொல்லி ஒரு முழம் குட்டையாகச் செய்ய வைத்தது. அறையில் நடக்கத் தாராளமாக இடம் இருப்பதாகத் தோன்றும்.

ஹால் சுவரில் ஒரு குடும்பப் படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார்கள். "இவங்க யாரு?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஃப்ரேமோடு வந்தவர்கள். கடையில் வாங்கும்போதே உள்ளே இருந்தார்கள்.

ஆப்பிளை மாற்றி நிஜ ஆப்பிள் வைத்தேன். மறுநாள் கிண்ணம் காலி. மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அட்டை டிவியின் மேல் ஒரு துணியைப் போர்த்தினேன்; அன்று வந்த அம்மாள் துணியைப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறை முழுக்க வாசனை தெளித்தேன். ஆஸ்பத்திரியில் யாரோ செத்த பிறகு தெளித்ததுபோல இருந்தது, எனக்கே. அப்போதும் லிஃப்டில் ஏறி நின்றவர்கள், "ஒரு மாதிரியா..." என்றார்கள்.

அந்த வீட்டில் குறையே சொல்ல முடியாதது நான் ஒருத்திதான் என்று உறுதியாக நம்பினேன்.

ஏனென்றால் நான் பயிற்சி பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார். கோட்டு போட்ட ஒருவர் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார். மேல் வரிசைப் பற்கள் எட்டு தெரிய வேண்டும். கதவு திறப்பதற்கு முன்பே சிரிப்பு தொடங்கியிருக்க வேண்டும். விருந்தினர் கண்ணிலிருந்து மறைகிறவரை அணையக் கூடாது. குரல் தாழ்ந்திருக்க வேண்டும். 'இல்லை' என்ற சொல் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், 'இருக்கும்', 'செய்வீர்கள்' என்று பேசக் கூடாது. வாங்க வந்தவர் அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, 'இருக்கிறது', 'செய்கிறீர்கள்' என்றுதான் பேச வேண்டும். அப்போதுதான் மனசில் ஒட்டும் என்றார்.

நான் அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். சுத்தத் தமிழில், சன்னக் குரலில், "இந்தப் பால்கனியில்தான் நீங்கள் காலையில் காபி குடிக்கிறீர்கள்" என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "இந்தக் கண்ணாடியில் நீங்கள் தினமும் முகம் பார்க்கிறீர்கள்" என்பேன். ஒருவர் உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படுக்கையறைத் திரையை விலக்கி, "இந்த அறையில் உங்கள் மாமியார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு பெண்ணிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க மாமியார் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றாள்.

இல்லை என்று சொல்லக் கூடாதே. நான் சிரித்துக்கொண்டே தலையசைத்தேன். அவர்கள் லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. படியிலேயே இறங்கிப் போனார்கள்.

வீட்டிலும் பயிற்சியை நான் விடவில்லை. சிரிப்பு என்ன குழாயா, இங்கே திறந்து அங்கே மூட? காலையில் எழுந்ததும் எட்டுப் பல். என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பல வருஷப் பழக்கத்தில், வீட்டிலும் ஏதாவது எதிரே வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நான் காபியோடு வந்து, "காபி அருந்துகிறீர்கள்" என்று சொல்லிச் சிரித்தால் அழுத்துவார். அவர் குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தால் முன்பெல்லாம் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். இப்போது சிரித்துவிட்டு நானே போய் அணைத்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் சிரித்தேன். அவர் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

என் மாமியாரும் மாறிவிட்டார். உப்பு, உறைப்பு, வெந்தது, வேகாதது என்று எதையாவது சொல்லாமல் தட்டை விட்டு எழாதவர். இப்போது நான் எதிரில் உட்கார்ந்து சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தால் மடமடவென்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போய், அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீட்டில் சண்டை என்ற பேச்சே இல்லை. பயிற்சியின் மகிமை என்று நினைத்துப் பூரித்துப் போனேன். நாத்தனார்கூட ஒருநாள் போன் செய்து, "அம்மா என்னவோ உங்களைப் பத்திக் கவலைப்படுறாங்க அண்ணி. முக்காலி காலியாத்தான் இருக்கு" என்றாள். பொறாமை என்று வைத்துக்கொண்டேன்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று ஒரே ஒரு தம்பதி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் மருந்துக் கடைக்காரர். அந்த அம்மாள் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவர். டாக்டர் தோண்டும்போது பக்கத்தில் நின்று விளக்கைப் பிடிக்கிறவர். அவர்களும் ஒரு மாதிரி என்று சொல்லிவிட்டால் என் இழுப்பறைச் சாவியை மாலையில் மச்சானின் அக்காவிடம் கொடுக்க வேண்டியதுதான். முதலாளி தானே வருகிறேன் என்று வேறு சொல்லியிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை ஊமையாக்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுக் கீழே கேட்டுக்குப் போய், அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே சிரிக்கத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில் என் வீட்டில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மோட்டாரைப் போட்ட என் வீட்டுக்காரர் அதை நிறுத்த மறந்து குளிக்கப் போயிருக்கிறார். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, மாமியார் அறை ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, மெத்தை தெப்பமாகிவிட்டது. மாமியாருக்கு மத்தியானம் சாப்பிட்டதும் படுத்தாக வேண்டும். எனக்குப் போன் செய்திருக்கிறார்கள், நான் எடுக்கவில்லை. "உன் பொண்டாட்டி ஆபீஸ்ல கட்டில் இருக்குன்னியே" என்று மாமியார் கேட்டிருக்கிறார். இவரும் யோசிக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, பின்பக்கம் சாமான் ஏற்றுகிற லிஃப்டில் மேலே அனுப்பிவிட்டு, காரை நிழலில் நிறுத்தப் போய்விட்டார்.

நான் முன்பக்க லிஃப்டில் தம்பதியை அழைத்து வந்தேன். அந்த அம்மாள் நான் பேசுவதைக் கேட்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இதுதான் உங்கள் வரவேற்பறை. மாலை நேரங்களில் நீங்கள் இருவரும் இங்கே அமர்ந்து மனம் விட்டுப் பேசுகிறீர்கள்."

"நாங்களா?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மூடிய டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். சமையலறையில் நின்று, "இங்கே நீங்கள் பாடிக்கொண்டே சமைக்கிறீர்கள்" என்றேன். யார் என்று சொல்லவில்லை. இருவருமே பின்னால் நகர்ந்தார்கள். அவர்கள் நடை வேகமாவதைக் கவனித்தேன். எல்லோரும் இந்த இடத்தில்தான் வேகமாவார்கள். சிரிப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, படுக்கையறைத் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இந்த அறையில்," என்றேன், "உங்கள் மாமியார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்."

திரையை விலக்கினேன்.

கட்டிலில் தலையோடு சேர்த்து வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு ஓர் உருவம் படுத்திருந்தது. கட்டிலுக்கு வெளியே இரண்டு கால்கள் முழங்காலுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கின. போர்வைக்குள்ளிருந்து ஒரு குறட்டை எழுந்தது.

அந்த அம்மாள் போட்ட கூச்சல் பத்தாவது மாடி வரை போயிருக்கும். மருந்துக் கடைக்காரர் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரோட... யாரோட மாமியாருங்க?" என்றார்.

"என்னோட மாமியார்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நிறுத்தத்தான் பார்த்தேன், நிற்கவில்லை.

கூச்சலில் போர்வை விலகியது. மாமியார் எழுந்து உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயையோ, இங்கேயும் சிரிக்கிறாளே!" என்றார்.

"அத்தை, நீங்க எங்க இங்க..."

"கிட்ட வராதே! அங்கேயே நில்லு!" போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். "மெத்தை நனைஞ்சு போச்சேன்னு கொஞ்சம் கண்ணசர வந்தேன். கட்டிலா இது? காலை நீட்டினா கால் அந்தரத்துல நிக்குது. சரி போகட்டும்னு படுத்தா நீ வந்து பல்லைக் காட்டிட்டு நிக்கிறே. நீ எப்ப திட்டுவே, எப்ப திட்டுவேன்னு நானும் என் பிள்ளையும் காத்துக்கிட்டிருக்கோம். துண்டைக் கட்டில்ல போடுறான், சிரிக்கிறே. குழம்பு வாயில வைக்க முடியலைன்னு ஒரு தடவை சொன்னேன், சிரிச்சே. ராத்திரி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறேன். உன்னைப் பார்த்தாலே ஒரு மாதிரியா இருக்கும்மா!"

அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். ஆப்பிளைச் சொல்கிறார்கள், அட்டை டிவியைச் சொல்கிறார்கள், சுவரில் மாட்டிய குடும்பத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் எல்லோரும் லிஃப்டுக்குள் நின்று என் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டில், எனக்குப் பயந்து ஒரு கிழவி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா என் வீட்டுக்காரர் வந்து நிற்க வேண்டும்? கையில் கார் சாவி. "என்ன சத்தம்? ஒண்ணுமில்ல, மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன், அவ்வளவுதான்..." என்றார்.

என் முகத்தில் எங்கோ ஒரு திருகாணி கழன்றது.

"அவ்வளவுதானா? மோட்டாரைப் போட்டா நிறுத்தணும்னு இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்றது? ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கத்துக்குடுக்கிறீங்க, ஒரு சுவிட்சைத் தட்டத் தெரியாது! ஈர மெத்தையைத் தூக்கி வெயில்ல போட்டீங்களா? போட்டிருக்க மாட்டீங்க! ஏன் அத்தை, நீங்களும்தான், குழம்பு நல்லா இல்லைன்னா ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டியதுதானே? நான் யாருக்காக இப்படி இளிச்சுக்கிட்டு நிக்கிறேன்? ஆசைக்கா? கன்னம் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது! இந்த வேலை போச்சுன்னா உங்க பொண்ணு கடையில கொக்கி வெக்கணும், அது தெரியுமா உங்களுக்கு?"

கத்தி முடித்துவிட்டு மூச்சு வாங்கும்போதுதான் அந்தத் தம்பதி நிற்பது ஞாபகம் வந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அம்மாள் அறைக்குள் வந்து என் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "லிஃப்ட்லேயே கேக்கணும்னு நினைச்சேன். வலிக்கலையான்னு" என்றார். பிறகு கட்டிலைப் பார்த்தார். "எவ்வளவு குட்டை?"

"ஒரு முழம்" என்றேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. "நிஜக் கட்டில் போட்டா அந்தப் பக்கம் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். அதனால தலைமாட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்க. அப்ப நடக்க இடம் இருக்கும். கதவு மாட்டினா ரூம் கொஞ்சம் சின்னதாத்தான் தெரியும்."

"சமையலறைக்கு வெயில் வருமா?"

"காலைல மட்டும். மத்தியானம் லைட் போட்டாகணும். ஆனா பால்கனில காத்து நிஜமாவே வரும். அது ஒண்ணுதான் இங்க நாங்க செஞ்சு வெக்காதது."

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மாமியார் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். இருவருமாகத் துணி காயப்போட எங்கே கொடி கட்டலாம் என்று பேசத் தொடங்கினார்கள். மருந்துக் கடைக்காரர் ஹாலில் அட்டை டிவியின் துணியைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் மேஜையில் ஒட்டியிருந்த தட்டைப் பெயர்த்தெடுக்க முயன்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "அதை விடுங்க, உடைச்சுத் தொலைக்காதீங்க!" என்று இங்கிருந்தே கத்தினேன்.

முதலாளி உள்ளே வந்தது அப்போதுதான். கட்டிலில் இரண்டு பெண்கள், தரையில் ஒரு தட்டு, குப்புறக் கிடக்கும் டிவி, வாங்க வந்தவரோடு தோளில் கை போட்டுச் சிரிக்கும் யாரோ ஒரு ஆள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க," என்று மருந்துக் கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார், "வீடு எப்படி இருக்கு?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உள்ள வந்தப்ப ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு," என்றார் அந்த அம்மாள் கட்டிலிலிருந்தே. "இப்பதான் வீடு மாதிரி இருக்கு. எங்க வீட்டுலயும் இப்படித்தான் கத்திக்குவோம். எடுத்துக்கிறோம்."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன செய்தாய் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். மாமியாரைக் கொண்டுவந்து படுக்க வைத்தேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தினமும் வருவாரா என்று கேட்டார். போர்டை மாற்றச் சொல்லி மச்சானை வரவழைத்தார். இந்தத் தடவை அவன் எழுதி முடிக்கிறவரை ஏணிக்குக் கீழேயே நின்று, மிச்ச இடத்தில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். சிரிக்கவில்லை. அவன் நிம்மதியாக வேலை செய்தான்.

சாவியை என் பையிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மெத்தையைப் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். குழம்பைச் சூடுபண்ணி மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனால், குளியலறையில் ஆளில்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரு குளியலறை லைட்டை அணைக்காம வந்தது? கரண்ட் என்ன உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?"

ஹாலில் வலது கால் தரையை அழுத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே மாமியார் அறையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"வந்துட்டாடா" என்றார் மாமியார்.

நான் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.